மூன்றும் நெகட்டிவ்! அதன் பொருளை எங்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்



எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அக்காவுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் வேண்டாம். மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். உணவங்காடி நிலையத்தில் மேசை துடைக்கும் வேலை, வயது ஐம்பதுக்குள். மார்பில் கட்டி தெரிந்து, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. முழு முடிவு வாங்கப் போன நாளில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகளை அழைத்துப் போனார். மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னார், மகள் தமிழில் சொன்னாள். வீட்டுக்கு வந்து அறிக்கையின் நகலைப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று வரி. மூன்று வரியும் ‘நெகட்டிவ்’ என்று முடிந்தன.

“அம்மா, மூணுமே நெகட்டிவ்மா!”

அக்காவுக்கு உயிர் வந்தது. வராதா பின்னே? கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துப் பார்த்து, ஒரு கோடு வந்தால் நெகட்டிவ், நல்லது. இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ், கெட்டது என்று நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் பாடமாகிவிட்டதே! புற்றுதான், ஆனால் லேசான புற்று என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அடுத்த சந்திப்பைத் தள்ளிப் போட்டுவிட்டு, அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டார். ஐந்து வாரம். திரும்பி வந்தபோது தமிழ் பேசும் தாதி ஒருவர்தான் உட்கார வைத்துச் சொன்னார்: “அக்கா, இந்த வகையில்தான் நாள் கடத்தவே கூடாது.”

அந்த ஐந்து வாரம் எவ்வளவு கெடுதல் செய்தது என்று அளந்து சொல்ல எந்தக் கருவியும் இல்லை. ஆனால் அந்த ஐந்து வாரத்தை அக்கா தெரிந்து தேர்ந்தெடுக்கவில்லை. மகள் இன்றும் தன்னை நொந்துகொள்கிறாள். தவறு அவளுடையதா? ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ என்றால் என்ன என்று எந்தப் பள்ளிப் பாடத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையில் தாயின் உயிரை ஏற்றி வைத்து ‘மொழிபெயர்’ என்று சொல்லும் வழக்கத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

அதற்கு முன்னால் அந்த மூன்று வரியின் பொருளைத் தெரிந்துகொள்வோம். ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் இது தேவைப்படாமல் போகட்டும். ஆனாலும் படித்து வையுங்கள்.

புரதம் என்றதும் நமக்குப் பருப்பும் முட்டையும்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது உயிரணுக்கள் தாமே செய்துகொண்டு வேலைக்குப் பயன்படுத்தும் புரதங்களை. ஊசியால் எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை அதன்மேல் இடுகிறார்கள். அந்தப் புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பு நிறமாகும். எத்தனை உயிரணுக்கள் பழுப்பாயின, எவ்வளவு அழுத்தமான பழுப்பு என்று நோய்க்கூற்று மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து எழுதுகிறார். இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அவ்வளவுதான்! நல்லது கெட்டது என்ற பொருளே அந்தச் சொற்களில் இல்லை.

முதல் வரி ஈ.ஆர். இது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் வந்து பொருந்தும் பூட்டு. சிகாகோவில் எல்வுட் ஜென்சன் 1950களின் இறுதியில் இதைக் கண்டறிந்தார். நூறு புற்றணுக்களில் ஒன்றே ஒன்று பழுப்பானாலும் இன்றைய விதிப்படி பாசிட்டிவ் என்றுதான் எழுதுவார்கள். அதனால் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லோடு நிற்காமல் எத்தனை விழுக்காடு என்றும் கேட்க வேண்டும். மார்பகப் புற்றில் பத்தில் ஏழுக்கு மேல் ஈ.ஆர். பாசிட்டிவ்தான். இவர்களுக்குத் தமோக்சிஃபென் போன்ற மாத்திரை உண்டு. அமெரிக்காவில் 1977-இலேயே அனுமதி பெற்ற பழைய மருந்து, தினம் ஒன்று, ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு. ஐந்து ஆண்டு ஒழுங்காகச் சாப்பிட்ட ஈ.ஆர். பாசிட்டிவ் பெண்களிடையே மார்பகப் புற்றால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று உலக அளவில் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது வரியான பி.ஆர். இதன் தங்கை மாதிரி. புரோஜெஸ்டரோன் ஹார்மோனுக்கான பூட்டு. இரண்டும் இருந்தால் ஹார்மோன் மாத்திரைக்கு நோய் இன்னும் நன்றாக அடங்கும் என்று எதிர்பார்ப்பார்கள்.

மூன்றாவது வரிதான் ஹெர்-2. இதன் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் டென்னிஸ் ஸ்லேமனும் அவருடைய குழுவினரும் 1987-இல் 189 பெண்களின் கட்டிகளைச் சோதித்தார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்குக் கட்டிகளில் ஹெர்-2 மரபணு பல மடங்காகப் பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, அவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். அன்றைக்கு அறிக்கையில் ‘ஹெர்-2 பாசிட்டிவ்’ என்று வந்தால் அது கெட்ட சேதிதான். பிறகு அந்தப் புரதத்தையே குறி வைத்துப் பிடிக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து, ஹெர்செப்டின் என்ற பெயரில் 1998-இல் வந்தது. ஆரம்ப நிலைப் புற்றிலும் அதைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2005-இல் ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. அதே புரதம், அதே பழுப்பு நிறம். பதினெட்டு ஆண்டுகளில் சேதி தலைகீழாக மாறிவிட்டது! தலையெழுத்து என்று நாம் சொல்கிறோமே, அது இப்படி மாறுமா?

ஹெர்-2 முடிவை 0, 1+, 2+, 3+ என்று எழுதுவார்கள். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் சந்தேகம்; மரபணுவை எண்ணிப் பார்க்கும் இன்னொரு சோதனை செய்தாக வேண்டும். உங்கள் தாளில் 2+ என்று இருந்து, அடுத்த சோதனை பற்றி யாரும் பேசவில்லை என்றால் வாயைத் திறந்து கேளுங்கள். 1+ என்பதை நெகட்டிவ் என்று ஒதுக்கி வைத்திருந்த காலமும் போய்விட்டது. பரவிய நோயுள்ள, ஹெர்-2 குறைவாக இருக்கும் பெண்களுக்கும் புதிய வகை மருந்து ஒன்று ஆயுளைக் கூட்டுகிறது என்று 2022-இல் தெரிய வந்தது. பழைய அறிக்கையில் ‘நெகட்டிவ்’ என்று மட்டும் எழுதியிருந்தால், 0-ஆ 1+-ஆ என்று இப்போது மறுபடி பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நான்காவதாக ஒரு வரியும் சில அறிக்கைகளில் இருக்கும்: கி-67. உயிரணுக்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் புரதம். ஜெர்மனியின் கீல் நகரில் 1983-இல் கண்டறிந்தார்கள். ஊரின் பெயரில் முதல் இரண்டு எழுத்து, சோதனைத் தட்டில் இருந்த குழியின் எண் 67. பெயர் வைத்த அழகைப் பாருங்கள், நம் வீட்டுப் புளோக் எண் மாதிரி! இது 5 விழுக்காடோ அதற்குக் கீழோ என்றால் மெதுவான நோய், 30-க்கு மேல் என்றால் வேகமான நோய் என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். நடுவில் இருக்கும் எண்ணை ஒரே தகட்டைப் பார்க்கும் இரண்டு மருத்துவர்களே வேறு வேறாகச் சொல்லக்கூடும். எனவே இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு இரவெல்லாம் அழ வேண்டாம்.

இப்போது அக்காவின் கதைக்கு வாருங்கள். முதல் மூன்றும் இல்லை என்றால் அது டிரிப்பிள் நெகட்டிவ். ஹார்மோன் மாத்திரை பயன்படாது, ஹெர்செப்டினும் பயன்படாது. வேகமாக வளரும் வகை. திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள் வந்துவிடும். ஆனால் இதற்கு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்! கீமோதெரபிக்கு இந்த வகை பல நேரங்களில் நன்றாகக் கரையும். அதனால்தான் அறுவைக்கு முன்பே கொடுக்கிறார்கள். அதோடு சேர்த்துக் கொடுக்கும் நோயெதிர்ப்பு மருந்து ஒன்றுக்கும் 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஐந்து ஆண்டு தாண்டிவிட்டால் திரும்பி வரும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. ‘நல்ல வகை’ என்று சொல்லப்படும் ஈ.ஆர். பாசிட்டிவோ பத்து, பதினைந்து, இருபது ஆண்டு கழித்தும் திரும்பக்கூடியது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை இரண்டாம் ஆண்டே நிறுத்திவிடும் அத்தைமார்கள், சித்திமார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டிரிப்பிள் நெகட்டிவ் வந்தவர்கள் மரபணுச் சோதனை பற்றியும் கேட்க வேண்டும். பி.ஆர்.சி.ஏ.-1 என்ற மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த வகை அதிகம் வருகிறது. அது தாய்க்கு இருந்தால் மகளுக்கும் மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நம் வீடுகளில் ‘கல்யாணத்துக்கு நிற்கும் பெண், வெளியே தெரிய வேண்டாம்’ என்று மூடி மறைக்கும் இடமும் இதுதான். மறைத்து என்ன காணப் போகிறோம்?

இதெல்லாம் மருத்துவம். சிறுபான்மை உரிமை பேசும் இந்த ஏட்டில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 1990 முதல் 2007 வரை மார்பகப் புற்று கண்டறியப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் சீனர்களில் ஏறத்தாழ 76 விழுக்காடு, இந்தியர்களில் 68, மலாய்க்காரர்களில் 58 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இது பழைய கணக்கு. இன்று சிங்கப்பூரில் மொத்தமாகப் பார்த்தால் 80 விழுக்காட்டுக்கும் மேல் ஐந்து ஆண்டைத் தாண்டுகிறார்கள். ஆனால் அந்த இடைவெளியைக் கண்டும் காணாமல் போக முடியுமா? ஒரே வரிசையில் நின்று, ஒரே மருத்துவரைப் பார்த்த பெண்கள் அல்லவா இவர்கள்?

இதற்கு இரண்டு விதமான பதில்களைக் கேட்டிருக்கிறேன். ‘அது அவர்களின் இரத்தத்திலேயே இருக்கிறது’ என்பது ஒன்று. ‘அவர்கள் தாமதமாக வருகிறார்கள்’ என்பது இன்னொன்று. முதல் பதிலை அப்படியே விழுங்க நான் தயாராக இல்லை. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் பத்தில் மூன்று பேருக்கு டிரிப்பிள் நெகட்டிவ் என்று வருகிறது; மேலை நாடுகளில் 10 முதல் 15 விழுக்காடுதான். உடனே ‘இந்திய இரத்தம்’ என்று சொல்லிவிடலாமா? இந்தியாவில் நோயாளிகளின் வயது குறைவு. எடுத்த சதையை உடனே முறையாகப் பதப்படுத்தாவிட்டால், இருக்கும் புரதமும் இல்லை என்று காட்டும். இதையெல்லாம் கழித்த பிறகு எஞ்சுவதைத்தான் இரத்தக் கணக்கில் எழுத வேண்டும். அதிலும், ‘இந்தியர்’ என்று இங்கே ஒரே கட்டத்தில் போடுகிறார்களே, தமிழர், மலையாளி, பஞ்சாபி, குஜராத்தி எல்லாரும் அந்த ஒரே கட்டத்துக்குள்தான்!

இரண்டாவது பதிலில் உண்மை இருக்கிறது, அது நமக்கு வலிக்கவும் வேண்டும். தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் இங்கே 2002-இல் தொடங்கியது. 50 முதல் 69 வயதுவரை ஈராண்டுக்கு ஒருமுறை மெமோகிராம். 40-லிருந்து 49 வரை மருத்துவரிடம் பேசி முடிவு செய்துகொண்டு ஆண்டுக்கு ஒருமுறை. இருந்தும் 2022, 2023 ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில், செய்ய வேண்டிய வயதில் இருக்கும் பெண்களில் பத்தில் நான்கு பேர்கூடச் செய்துகொள்ளவில்லை. எல்லா இனத்தாரையும் சேர்த்த கணக்கு இது. முதல் நிலையில் பிடித்தால் ஐந்து ஆண்டைத் தாண்டுபவர்கள் 90 விழுக்காட்டுக்கும் மேல். நம் பெண்கள் ‘மார்பு’ என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லக் கூசி ‘நெஞ்சுப் பக்கம் ஏதோ’ என்கிறார்கள். இரவு வேலை முடித்து வரும் கணவனிடம் சொல்லாமல் மூன்று மாதம் தைலம் தேய்க்கிறார்கள். பெரும்பாலான கட்டிகள் புற்று அல்ல. அதைத் தெரிந்துகொள்ளவாவது போக வேண்டாமா?

ஆனால் தாமதத்தை மட்டும் சொல்லி நம்மீதே பழி போட்டுவிட்டுப் போகவும் விடக் கூடாது. மருத்துவர் கணினியில் வயது, கட்டியின் அளவு, ஈ.ஆர்., ஹெர்-2, கி-67 எல்லாவற்றையும் தட்டி, ‘இத்தனை பேரில் இத்தனை பேர் பத்து ஆண்டு இருப்பார்கள்’ என்று கணித்துக் காட்டும் முறை உண்டு. ‘பிரெடிக்ட்’ என்பது அவற்றில் ஒன்று. அது இங்கிலாந்தின் கிழக்குப் பகுதிப் பெண்களின் பதிவுகளிலிருந்து உருவானது. அதை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஏறத்தாழ 1,500 பெண்களிடம் பொருத்திப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் 40 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், அறுவைக்கு முன்பே கீமோ பெற்றவர்களுக்கும் உண்மையில் இருந்ததைவிட நல்ல முடிவைக் காட்டியது. இப்படி உரசிப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. பார்க்காமல் விட்டிருந்தால்? யாருடைய உடம்பைக் கொண்டு கணக்குப் போட்டார்கள் என்று கேட்பது வம்புக் கேள்வி அல்ல.

எண்ணிக்கையில் குறைந்தவர்களைத் தனியாக எண்ண முடியாது என்ற சாக்கும் செல்லாது. சிங்கப்பூரர்களின் மரபணுக்களை முழுதாகப் படித்த ஆய்வு 2019-இல் வெளிவந்தபோது அதில் இருந்த 4,810 பேரில் சீனர் 2,780, இந்தியர் 1,127, மலாய்க்காரர் 903. மக்கள்தொகையில் பத்தில் ஒருவர்கூட இல்லாத நம்மை, கணக்கு சரியாக வர வேண்டும் என்று கூடுதலாகவே சேர்த்தார்கள். மனமிருந்தால் முடிகிறது அல்லவா! அதே அக்கறையோடு இந்த மூன்று புரதங்களும் எந்தச் சமூகத்தில் எப்படி இருக்கின்றன, எந்த நிலையில் வருகிறார்கள், எத்தனை பேர் சிகிச்சையை முடிக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் எளிய தமிழில், சமூக மன்றச் சுவரில் ஒட்டும் அளவுக்குத் தாருங்கள் என்று கேட்கிறோம்.

பணத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 செப்டம்பர் முதல் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியில் புற்றுநோய் மருந்துகளுக்கு ஒரு பட்டியல் வந்தது. மருந்துக்கு மருந்து வரம்பு வேறு. தொடங்கியபோது மாதம் 200 வெள்ளியிலிருந்து 9,600 வெள்ளிவரை வைத்தார்கள். எந்த மருந்து, எந்த வகை நோய்க்கு என்று சேர்த்துத்தான் அந்தப் பட்டியல். அதாவது உங்கள் தாளில் இருக்கும் ‘ஹெர்-2 3+’ என்பதுதான் ஹெர்செப்டின் வகை மருந்துக்கான ரேஷன் அட்டை! அந்த மருந்துக்கு ஈடான மலிவு வகைக்கு 2013-இல் இந்தியா அனுமதி கொடுத்தது. பெங்களூரு நிறுவனம் ஒன்று தயாரித்தது. அதன்பின் உலகெங்கும் இத்தகைய மருந்துகள் பல வந்துவிட்டன. ‘ஈடான மலிவு வகை இருக்கிறதா?’ என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.

மெடிஷீல்டு லைஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்து நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் மருமகளுக்கு அது கிடையாது. பணிப்பெண்ணாக இருக்கும் நம் சகோதரிக்கு முதலாளி எடுக்கும் காப்புறுதி 2023 ஜூலையிலிருந்து குறைந்தது 60,000 வெள்ளி. ஆனால் அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்கும்தான் கட்டாயம். ஐந்து ஆண்டு மாத்திரைக்கு அவள் எங்கே போவாள்? ஈ.ஆர். பாசிட்டிவ் என்ற நல்ல சேதியே அவளுக்குக் கெட்ட சேதியாகிவிடுகிறது.

நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. எம்ஆர்டி நிலையத்தில் ‘அபாயம்’ என்று தமிழில் எழுதத் தெரிந்த நாட்டில், ஒரு தாயின் மார்பகப் புற்று அறிக்கைக்கு ஒரு பக்கத் தமிழ் விளக்கம் இணைப்பது பெரிய காரியமா? இருப்பதே நான்கு வரி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம். ஒருமுறை அச்சடித்தால் எல்லா மருத்துவமனைக்கும் ஆகும். முடிவு சொல்லும் நாளில் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்காமல், தமிழ் தெரிந்த ஒருவரை நேரிலோ தொலைபேசியிலோ இருக்க வைக்க வேண்டும். பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும், கையைப் பிடித்துக்கொள்ள.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது இது. சந்திப்புக்குப் பதிவு செய்யும்போதே ‘தமிழில் விளக்க ஆள் வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: ஈ.ஆர். எத்தனை விழுக்காடு, பி.ஆர். எத்தனை, ஹெர்-2 எத்தனை பிளஸ், 2+ என்றால் அடுத்த சோதனை எப்போது, இந்த முடிவால் எனக்குக் கிடைக்கும் மருந்து எது, கிடைக்காதது எது, எத்தனை நாளுக்குள் தொடங்க வேண்டும். மருத்துவச் சமூக சேவையாளரைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே கேளுங்கள். கட்டணச் சீட்டு வந்த பிறகு அல்ல. அறிக்கையின் நகலை வாங்குங்கள். சென்னையிலோ இங்கேயோ இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டும் என்றால், மெழுகில் பதித்த அந்தச் சதைத் துணுக்கு ஆய்வுக்கூடத்தில் பத்திரமாக இருக்கும். பெரும்பாலும் அதையே வைத்து மறுபடி சோதிக்கலாம், இன்னொரு ஊசி தேவைப்படாது.

எங்கள் புளோக் அக்காவுக்குக் கீமோ நடந்துகொண்டிருக்கிறது. முடி கொட்டிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய் வருகிறார். மேலே சொன்ன கேள்விகளில் பாதி, அவருடைய மகள் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தவை.